உலோக நானோ துகள் அணிகளும் நேரிலா ஒளியியலும்: ஒரு வரலாற்று மறுநோக்கு

உலோக நானோ துகள்கள் ஒளியின் நேரிலா விளைவுகளைப் பன்மடங்காக்கும் என்னும் கருத்தின் வரலாறு, பெரும்பாலும் தடையற்ற வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. 2008ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு கருத்துமாறுபாட்டைக் கருதும்போது அவ்வெழுத்துமுறை பொருந்துவதாகத் தோன்றவில்லை.

1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிராங்கனும் அவர்தம் குழுவினரும் மாணிக்க லேசரின் 694.3 நானோமீட்டர் செவ்வொளியைக் குவார்ட்ஸ் படிகத்தினுள் செலுத்தி, அலைநீளம் பாதியாகக் குறைந்த புறஊதா ஒளியைப் பெற்றனர். இதுவே இரண்டாம் சீரிசையின் முதற்பதிவு. ஒளிப்படத் தகட்டில் விழுந்த சிறுபுள்ளி அச்சேறும்போது அழுக்கெனக் கருதி நீக்கப்பட்டது என்பர். இதழில் அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைச் சுட்டி நிற்கிறது. விளைவு அத்துணை நலிவானது.

நலிவைப் போக்கும் வழி வேறொரு துறையிலிருந்து வந்தது. 1974இல் சவுத்தாம்ப்டனில் பிளீஷ்மன், ஹென்ட்ரா, மெக்குயிலன் ஆகியோர் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் ஒட்டிய பிரிடினின் இராமன் நிறமாலையைப் பதிவுசெய்தனர். பரப்பளவு மிகுந்ததே அதன் வலிமைக்குக் காரணம் என அவர்கள் கருதினர். அக்காரணம் போதாது என்பதை 1977இல் இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. உலோகத்தின் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியோடு ஒத்ததிர்ந்து, அண்மையிலுள்ள மின்புலத்தைப் பெருக்குகின்றன என்னும் விளக்கம் பின்னர் வலுப்பெற்றது. இரண்டாம் சீரிசையின் செறிவு படுபுலத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்ததாதலின், புலம் 10 மடங்கானால் விளைவு 10,000 மடங்காகும். 1981இல் செனும் டி காஸ்ட்ரோவும் ஷென்னும் சொரசொரப்பான வெள்ளியில் ஏறத்தாழ அவ்வளவு பெருக்கத்தையே அளந்தனர். அதே ஆண்டில் வோகௌனும் உடனாய்வாளர்களும் உலோகத் தீவுப் படலங்களோடு, நுண்ணச்சு முறையில் ஒழுங்குற அமைத்த துகள்களையும் ஆராய்ந்தனர். அணி என்னும் கருத்து இவ்வரலாற்றினுள் நுழைவது இங்கேயே எனலாம்.

ஒழுங்கு புதிய இடர்ப்பாட்டையும் கொணர்ந்தது. மையச் சமச்சீருள்ள துகள்களைச் சமச்சீராகவே அடுக்கினால், இருமுனை நிலையில் இரண்டாம் சீரிசை தோன்றாது. பின்லாந்து ஆய்வாளர்கள் சமச்சீரை முறிக்கும் எல் வடிவத் தங்கத் துகள்களை நாடியது இதனாலேயே. துகளின் வடிவமும் துகளிடைத் தொலைவும் புலவலிமைக்கு இணையான ஆய்வுப்பொருள்களாயின.

2008இல் தென்கொரியக் குழுவொன்று, கழுத்துப்பட்டி முடிச்சு வடிவத் தங்க அணியின்மீது ஆர்கன் வாயுவைச் செலுத்தி, பெருக்கியின்றியே உயர்சீரிசைகளைப் பெற்றதாக அறிவித்தது. கருத்து கவர்ச்சியானது, பெருஞ்செலவுடைய லேசர் பெருக்கியின் பணியைத் துகளிடை இடுக்கே செய்துவிடும். எனினும் ஜெர்மனியின் கட்டிங்கனில் சிவிஸ், ரோப்பர்ஸ் முதலியோர் அத்தகைய அமைப்புகளை மீண்டும் சோதித்தபோது, கண்டது அணுக்களும் அயனிகளும் உமிழும் நிறமாலைக் கோடுகளையே, சீரிசைகளை அன்று. 2012, 2013 ஆண்டுகளில் வெளியான அவர்தம் வாதம் எளியது. இடுக்கினுள் புலம் வலியதுதான். ஆயின் அங்குள்ள அணுக்கள் மிகச் சில. அணு உமிழ்வு அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளரும். கட்டம் ஒத்த சீரிசையோ எண்ணிக்கையின் இருமடியாக வளரும். சிலவே உள்ள இடத்தில் முன்னது பின்னதை மறைத்துவிடும். கொரியக் குழுவினர் மறுமொழி அளித்தனர். இவ்விவாதத்தில் பிழை, சரி என்பதினும், புலப்பெருக்கம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட கால்நூற்றாண்டுப் பழக்கம் வினாவுக்குள்ளானதே முதன்மையானதெனக் கருத இடமுண்டு.

2017இல் வாம்பாவும் உடனாய்வாளர்களும் வாயுவைக் கைவிட்டு, சிலிக்கன்மீது தங்க நானோ அலைவாங்கி அணியை அமைத்தனர். அணுச்செறிவு மிகுந்த அத்திண்மத்திலிருந்து உயர்சீரிசைகள் வெளிப்பட்டன.