திண்ணைப் பேச்சும் சேலத்து அறிவியலும்

நாலு பேர் கூடினால் நம்ம ஊரில் என்ன பேசுவார்கள்? கிரிக்கெட், புறா வளர்ப்பு, மேட்டூரில் மீன் பிடித்த கதை. நடுவில் ஒருவர், "ஏனுங்கண்ணா, நிலா நம்ம கூடவே வர்ற மாதிரி தெரியுதே, அது எப்படிங்க?" என்று கேட்பார். அதோடு பேச்சு விஞ்ஞானத்துக்குத் தாவிவிடும். "வெட்டிப் பேச்சு போதும், போய்ப் படிங்கடா" என்று பெரியவர்கள் விரட்டுவார்கள். ஆனால் அந்த வெட்டிப் பேச்சுக்கும் சேலம், நாமக்கல் மண்ணில் ஒரு வரலாறு உண்டு. முன்னாள் மாணவர்களும் இந்நாள் மாணவர்களும் ஒன்றுகூடும் இந்த வேளையில் அதைச் சொல்லியாக வேண்டும்.

ராஜாஜி 1900-ஆம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். பலருக்கும் இவ்வளவுதான் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டான 1916-இல் அவர் செய்த காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு சங்கத்தை அவர் தொடங்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகிய துறைகளுக்குத் தமிழ்ச் சொற்களைத் தேடுவதுதான் அதன் வேலை. சம்பளம் கிடையாது, பட்டம் கிடையாது. கேஸ் கட்டுகளுக்கு நடுவே கிடைத்த ஓய்வில், ஆர்வத்தால் மட்டுமே செய்த வேலை. இன்றைய பாஷையில் சொன்னால் 'ஹாபி'!

ஏன் இது தேவைப்பட்டது? அந்நாளில் கல்லூரிப் படிப்பு முழுக்க ஆங்கிலம். ரசாயனம் படித்த பையன் லீவுக்கு ஊருக்கு வந்தால், இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதைத் தன் அப்பாவிடம் சொல்ல வார்த்தை இல்லை. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லருக்கு இரும்பைக் காய்ச்சினால் விரியும் என்று தெரியும். காரணம் பையனுக்குத் தெரியும். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தும் பேசிக்கொள்ள முடியவில்லை. அறிவு ஒரு பக்கம், அனுபவம் ஒரு பக்கம். நடுவில் பாலம் இல்லை. அந்தப் பாலத்துக்குக் கல் தேடிய முயற்சிகளில் ஒன்று நம் சேலத்தில் நடந்தது.

கல் தேடும்போது சண்டையும் வந்தது. பிராணவாயு என்பதா, உயிர்வளி என்பதா, ஆக்சிஜன் என்றே வைத்துக்கொள்வதா? 1940-இல் அரசாங்கம் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் கலைச்சொல் குழு அமைத்தபோது, வடசொல் பெருகிவிடும் என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வாதம் சூடாகத்தான் நடந்தது. அதனால் நஷ்டம் ஏதும் இல்லை. ஒரு சொல்லுக்காக ஊரே வாதாடினால், அந்தப் பொருளும் கூடவே ஊருக்குள் வந்துவிடும் அல்லவா?

ராஜாஜி சொல்லோடு நிற்கவில்லை. 1925-இல் திருச்செங்கோடு அருகே, இன்றைய நாமக்கல் மாவட்டத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். 1929-இல் அங்கிருந்து மதுவிலக்குக்காக 'விமோசனம்' இதழ் வெளிவந்தது. உடனிருந்து உழைத்தவர் கல்கி. பாமரருக்கும் புரிகிற தமிழுக்கு அது ஒரு பயிற்சிக்களம். பிற்பாடு ராஜாஜி வேதியியலை எளிய தமிழில் ஒரு நூலாகவே எழுதினார். பெயர் என்ன தெரியுமா? 'திண்ணை ரசாயனம்'! சோதனைக்கூடத்தில் இருந்த பாடத்தைத் திண்ணையில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்.

அந்த வழியில் வந்தவர்கள் பலர். கொங்கு மண்ணின் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. பத்துத் தொகுதிகளும் முடிய 1968 ஆயிற்று. கோவையிலிருந்து 'கலைக்கதிர்' 1948 முதல் அறிவியலைத் தமிழில் மாதாமாதம் தந்தது.

இந்தச் சொற்களால் என்ன பயன் என்று கேட்கலாம். 1995 செப்டம்பர் 21 நினைவிருக்கிறதா? பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி டெல்லியில் கிளம்பி ஒரே நாளில் நாடெங்கும் பரவியது. விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து காட்டினார்கள். கரண்டியின் விளிம்பிலிருந்து பால் சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. காரணம் பரப்பு இழுவிசை. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைத் தமிழில் படித்தவர், யார் மனமும் நோகாமல், ஒரு கரண்டியை வைத்துக்கொண்டே விளக்கிவிடலாம். சொல் தெரியாதவர் நம்புவார், இல்லையென்றால் கேலி செய்வார். விளக்க மட்டும் முடியாது.

விளையாட்டும் அப்படித்தான். நம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக முதன்முறை ஆடினார். ஒரே பயணத்தில் இப்படி அறிமுகமான முதல் இந்தியர் அவர். பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டீக்கடையில் இவர்களைப் பற்றிப் பேசாதவர் உண்டா? அந்தப் பேச்சில் ஒரு படி மேலே போகலாமே! சாதாரண ஸ்விங்கில் பந்து சொரசொரப்பான பக்கம் திரும்புகிறது. ரிவர்ஸ் ஸ்விங்கில் பளபளப்பான பக்கம் திரும்புகிறது. ஏன்? பந்தை ஒட்டி ஓடும் காற்று ஒரு பக்கம் சீக்கிரம் பிரிகிறது, மறுபக்கம் தாமதித்துப் பிரிகிறது, அதனால். 'யார்க்கர்' யார்க்கராகவே இருக்கட்டும். காற்றின் கதையைத் தமிழில் சொன்னால் போதும்.

மாணவத் தம்பி தங்கைகளே! இன்று உங்கள் கைபேசியில் உலகத்து அறிவெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. ஆனாலும் 1916-இல் இருந்த அதே கேள்வி இன்றும் இருக்கிறது. வகுப்பில் படித்ததை வீட்டுத் திண்ணையில் சொல்ல முடிகிறதா? மார்க் ஷீட்டில் தொண்ணூறு வாங்கியவர், "அதென்ன சாமி படிச்சே?" என்று பாட்டி கேட்டால் விழிக்கலாமா? இந்த வாரம் படித்த பாடம் ஒன்றை உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எங்கே வார்த்தை தடுக்குகிறதோ, அங்கே பாடமும் இன்னும் முழுதாகப் புரியவில்லை என்று அர்த்தம்.

மூத்தவர்களான நமக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து விளையாட்டும் விசித்திரமும் பேசினால் விரட்ட வேண்டாம். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து, "அது ஏன்டா அப்படி?" என்று ஒரு கேள்வி கேட்டு வைப்போம்.