வெள்ளம் வடிந்த பின்னும் வடியாத விலை: 2011க்குப் பிந்தைய வன்தட்டுச் சந்தை

கணினி வன்தட்டுகளின் சில்லறை விலை 2011 அக்டோபரில் சில வாரங்களுக்குள் தாவி ஏறியது. தாய்லாந்தின் அயுத்தயா மாகாணத்தில் பாங் பா-இன் தொழிற்பேட்டையிலிருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலை நீரில் மூழ்கியதும், சுழல்மோட்டார் போன்ற உதிரிபாகங்களின் வரத்து தடைப்பட்டதும் உடனடிக் காரணங்கள். இதில் கருத்து வேறுபாடு இல்லை. விலை ஏறிய வேகத்தில் ஏன் இறங்கவில்லை என்பதே வழக்கு. வெள்ளம் விளைத்த தட்டுப்பாடும், அது தீர எடுத்துக்கொண்ட காலமும் விலையின் நீடிப்பை விளக்கிவிடும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அக்கருத்து சான்றாகக் கொள்ளும் நிறுவனக் காலாண்டு அறிக்கைகளே, இறுதிவரை தொடர்ந்து படித்தால், அதற்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

வழக்கமாக எடுத்துக்காட்டப்படுபவை வெஸ்டர்ன் டிஜிட்டலின் இரண்டு காலாண்டுகள். 2011 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் அந்நிறுவனம் ஏறத்தாழ 5.8 கோடி வன்தட்டுகளை விற்றது. டிசம்பரில் முடிந்த காலாண்டில் 2.85 கோடி மட்டுமே. சராசரி விலை 46 டாலர் அளவிலிருந்து 69 டாலருக்கு உயர்ந்தது. வரத்து பாதியானது, விலை ஒன்றரை மடங்கானது. வெள்ள விளக்கம் இந்த இடத்தில் அறிக்கையை மூடிவைத்துவிடுகிறது.

மூடாமல் இரண்டு காலாண்டுகள் தள்ளிப் பார்க்க வேண்டும். 2012 ஜூனில் முடிந்த காலாண்டில் அதே நிறுவனம் விற்றவை 7.1 கோடி. வரத்து மீண்டுவிட்டது, சராசரி விலையோ 65 டாலரை ஒட்டியே நின்றது. மொத்த இலாப விகிதம் வெள்ளத்திற்கு முன் 20 விழுக்காடு அளவில் இருந்தது. இப்போது 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. சேதத்தைச் சீர்செய்த செலவுதான் விலையில் ஏறியது என்றால் இலாப விகிதம் இப்படி விரிந்திருக்காது.

இந்த எண்களை அப்படியே ஒப்பிடுவதில் ஓர் இடர் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2012 மார்ச்சில் ஹிட்டாச்சியின் வன்தட்டுப் பிரிவு வெஸ்டர்ன் டிஜிட்டலுடன் சேர்ந்தது. நிறுவனங்கள் வாங்கும் விலை கூடிய சர்வர் வன்தட்டுகள் ஹிட்டாச்சியிடம் கணிசமாக இருந்தன. ஆகவே ஜூன் காலாண்டின் சராசரி உயர்வில் ஒரு பகுதி சரக்கின் கலவை மாறியதால் வந்திருக்கலாம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் கணக்கை மட்டும் வைத்து இதைத் தீர்த்துவிட முடியாது.

போட்டி நிறுவனமான சீகேட்டின் கணக்கு தீர்க்கிறது. அதன் தாய்லாந்து ஆலைகள் மூழ்கவில்லை. உதிரிபாகத் தட்டுப்பாடு மட்டுமே அதைத் தொட்டது. 2011 டிசம்பரில் அது சாம்சங்கின் வன்தட்டுப் பிரிவை வாங்கி முடித்தது. சாம்சங் பெரும்பாலும் மலிவான மேசைக்கணினி, மடிக்கணினி வன்தட்டுகளைச் செய்த நிறுவனம். கலவை மாற்றம்தான் காரணம் என்றால் சீகேட்டின் சராசரி விலை இறங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறானது. 2011 மார்ச் காலாண்டில் 4.9 கோடி வன்தட்டுகளுக்கு 270 கோடி டாலர் வருவாய், அதாவது ஒன்றுக்குச் சுமார் 55 டாலர். 2012 மார்ச் காலாண்டில் 6.1 கோடிக்கு 440 கோடி டாலர், ஒன்றுக்குச் சுமார் 72 டாலர். விற்ற எண்ணிக்கை கூடியிருக்கிறது, விலையும் கூடியிருக்கிறது. மொத்த இலாப விகிதம் 19 விழுக்காடு அளவிலிருந்து 37 விழுக்காட்டை எட்டியது. நிகர இலாபம் 10 கோடி டாலருக்குக் கீழிருந்து 110 கோடியைத் தாண்டியது. மூழ்காத ஆலை, குறையாத வரத்து, மலிவான சரக்கின் சேர்க்கை ஆகிய மூன்றும் கூடிய இடத்திலும் விலை ஏறியதென்றால், வெள்ளம் தொடங்கிவைத்ததை வேறொன்று தாங்கி நின்றது என்றே கொள்ள வேண்டும்.

அந்த வேறொன்று விற்போரின் எண்ணிக்கை. ஓராண்டுக்குள் ஐந்து நிறுவனங்கள் மூன்றாயின: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. ஐரோப்பிய ஆணையம் இரு இணைப்புகளையும் தனித்தனியே எடைபோட்டது. சீகேட்டின் விண்ணப்பம் 2011 ஏப்ரல் 19 அன்றும் மற்றது மறுநாளும் வந்ததால், முதலாவதை ஆராய்கையில் ஹிட்டாச்சி இன்னும் தனிப் போட்டியாளராகவே கருதப்பட்டது. அக்டோபர் 19 அன்று அதற்கு நிபந்தனையற்ற இசைவு கிடைத்தது. நவம்பர் 23 அன்று இரண்டாவது இணைப்புக்கு மட்டும் நிபந்தனை விதிக்கப்பட்டது, அதன்படி 3.5 அங்குல வன்தட்டு உற்பத்திச் சாதனங்களின் ஒரு பகுதி தோஷிபாவுக்குக் கைமாறியது. ஒருநாள் இடைவெளி ஒரு போட்டியாளரின் இழப்பை முதல் ஆய்வின் பார்வையிலிருந்தே அகற்றிவிட்டது. இது நுகர்வோருக்கு நேர்ந்த பெரும் இழப்பு.

சீன வணிக அமைச்சகம் ஹிட்டாச்சிப் பிரிவை 2015 வரை தனித்தே இயங்கச் செய்தது, ஆகவே போட்டி அழியவில்லை என்ற மறுப்பு வலுவற்றது. இரண்டு கடைகளின் கல்லாவும் ஒருவரிடமே சேரும்போது அவை ஒன்றையொன்று விலையில் அடித்துக்கொள்ளக் காரணம் இல்லை. இரகசிய உடன்பாட்டைத் தேடுவதும் தேவையற்றது. உதிரிபாகத்தில் அத்தகைய உடன்பாடு மெய்ப்பிக்கப்பட்டதுண்டு. என்எச்கே ஸ்பிரிங் நிறுவனம் 2019-இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் வன்தட்டுச் சந்தையில் மூவர் மட்டும் இருக்கையில், பேசிக்கொள்ளாமலே உற்பத்தியை அடக்கி வைக்க இயலும்.

ஒரு ஜிகாபைட்டின் விலை நெடுங்காலமாகச் சரிந்துவந்திருக்கிறதே என்பது இன்னும் கவனத்துக்குரிய மறுப்பு. சரிவு உண்மை. ஆனால் அது பெருங்கொள்ளளவு வன்தட்டுகளை ஆயிரக்கணக்கில் வாங்கும் தரவு மையங்களுக்கே முழுமையாகச் சேர்கிறது. மோட்டார், உறை, படிப்புமுனை, மின்சுற்றுப் பலகை ஆகியவை எந்தக் கொள்ளளவுக்கும் தேவைப்படுவதால் ஒரு வன்தட்டின் விலைக்கு ஓர் அடித்தளம் உண்டு. வீட்டுக் கணினிக்கு ஒன்றே ஒன்று வாங்குபவர் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறார். அவர் பெறும் பொருளும் மாறிவிட்டது. 2011 டிசம்பரில் இரு பெரு நிறுவனங்களும் பல நுகர்வோர் வகைகளின் உத்தரவாதக் காலத்தைக் குறைத்தன. வெஸ்டர்ன் டிஜிட்டல் மூன்றாண்டை இரண்டாக்கியது, சீகேட் சிலவற்றை ஓராண்டுக்குக் கொண்டுவந்தது. தடங்களை ஓடுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறப் பதிக்கும், எழுதுவதில் வேகம் குறைந்த முறையை நுகர்வோர் வன்தட்டுகளில் அறிவிக்காமலே புகுத்தியிருந்தது 2020-இல் வெளிப்பட்டது. அதில் மூன்று நிறுவனங்களுக்கும் பங்கிருந்தது. ஜிகாபைட் கணக்கு இந்த இரண்டையும் பதிவுசெய்வதில்லை. உத்தரவாதத்தையும் எழுதும் வேகத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டால், வீட்டு நுகர்வோருக்குக் கிடைத்ததாகக் காட்டப்படும் சரிவு வெகுவாகச் சுருங்கிவிடும்.