சப்பாத்துக் குவியலுக்கு ஓர் அறை: குளிர்நாட்டு வீட்டில் மட்றூம் அமைப்பது எப்படி?

இரண்டு வருடத்துக்கு முன், ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. தமிழ் வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள் கராஜ் கதவால் உள்ளே ஓடி வந்தார்கள். நாலு சோடிப் பூட்ஸ், அவற்றில் ஒட்டியிருந்த பனி. கொஞ்ச நேரத்தில் பனி உருகி மரத் தளத்தில் கண்ணாடிபோலப் படர்ந்துவிட்டது. குசினியிலிருந்து துணி தோய்க்கும் அறைக்குப் போன மாமி அதில் கால் வைத்தார். இடது மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை கட்டோடு இருந்தார். அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்ட முதல் கேள்வி, "வெளியில் பனியில் வழுக்கினீர்களா?" என்பதுதான். "இல்லை, வீட்டுக்குள்தான்" என்று சொல்ல எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் மட்றூம் என்ற சொல் அடிபடத் தொடங்கியது. பெயரைப் பார்த்தால் சேற்றறை. வெளியே இருந்து வரும் சேறு, பனி, உப்பு, ஈரம் எல்லாவற்றையும் வீட்டுக்குள் போகவிடாமல் மறித்து வைக்கும் சின்ன இடை அறை. ஊரில் இதற்குத் தேவை இருக்கவில்லை. செருப்பு வாசலில் கிடக்கும், கிணற்றடியில் கால் கழுவிவிட்டு விறாந்தையில் ஏறலாம். வெளியே மறை 15 பாகை நிற்கும் ரொறன்ரோவில் பூட்ஸை வாசற்படியில் விட்டால், காலையில் உறைந்த கட்டைக்குள்தான் காலை நுழைக்க வேண்டும். வீடு வாங்கும்போது படுக்கையறை எத்தனை, பேஸ்மென்ற் முடித்ததா, சாமி அறைக்கு இடம் உண்டா என்றெல்லாம் பார்க்கிறோம். ஆறு பேரின் பன்னிரண்டு பூட்ஸ் எங்கே நிற்கப் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

எந்தக் கதவால் வருகிறீர்கள்?

அளவு நாடாவை எடுப்பதற்கு முன் ஒரு கிழமை வீட்டாரைக் கவனியுங்கள். மார்க்கம், பிரம்ரன், ஏஜக்ஸ் பக்கத்து வீடுகளில் முன்கதவு பெரும்பாலும் விருந்தாளிக்கும் கடிதம் கொண்டு வருபவருக்கும்தான். வீட்டுக்காரர் கராஜுக்குள்ளால் வருவார்கள். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் தோய்க்கும் இயந்திரத்தோடு ஒரு சிறு இடம் இருந்தால் உங்கள் மட்றூம் அதுதான். முன்வாசலில் அழகாக ஒரு வாங்கு வாங்கிப் போட்டுவிட்டு, குவியலைக் கராஜ் கதவடியில் வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

கராஜ் கதவைப் பற்றி ஒன்று. ஒன்ராறியோவின் கட்டடச் சட்டப்படி வீட்டையும் கராஜையும் பிரிக்கும் கதவு, புகை உள்ளே வராதபடி விளிம்பில் இறுக்கமான அடைப்போடு இருக்க வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் விசையும் வேண்டும். அரிசி மூட்டையோடு வரும்போது கதவு முதுகில் இடிக்கிறது என்று அந்த விசையைக் கழற்றி வைப்பவர்கள் பலர். தயவுசெய்து கழற்ற வேண்டாம். காரின் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அதற்கான எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்பதையும் இதோடு பார்த்துக்கொள்ளுங்கள். கராஜ் உள்ள வீட்டில் அது சட்டப்படி கட்டாயம்.

செலவை நிலத்தில் போடுங்கள்

மட்றூம் படங்களைப் பார்த்தால் வெள்ளை அலுமாரி, பிரம்புக் கூடை, மெத்தை போட்ட வாங்கு என்று கண்ணைப் பறிக்கும். நிலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்களுக்கு எல்லாமாக 4,200 டொலர் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் நிலத்துக்கே போனது. அதில் எனக்குக் கவலை இல்லை.

பிரச்சினை தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். வீதியில் கொட்டுவது பெரும்பாலும் நாம் சமையலுக்குப் போடும் அதே சோடியம் குளோரைட், சுத்திகரிக்காத வடிவில். குளிர் மறை 10 பாகைக்குக் கீழே போனால் அது சரியாக வேலை செய்யாது. அதனால் கடுங்குளிரில் கல்சியம் குளோரைட் போன்ற வேறு உப்புகளையும் சேர்க்கிறார்கள். கல்சியம் குளோரைட்டுக்கு ஒரு குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நிலத்தை நன்றாகத் துடைத்த பிறகும் பிசுபிசு என்று ஒரு வழுக்கல் நிற்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். மரத் தளத்தில் இந்த உப்புநீர் நின்றால் மேற்பூச்சு மங்கும், பலகைகளின் இடுக்கில் இறங்கினால் விளிம்பு வீங்கும்.

ஆகவே போசலின் ரைல்ஸ். போசலின் என்று சொல்லி விற்பது 0.5 வீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது என்பது கணக்கு, எனவே உப்புநீர் உள்ளே இறங்காது. ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பளபளப்பு என்றால் ஒரு ஆசை. முகம் பார்க்கிற மாதிரி மினுங்கும் ரைல்ஸை மட்றூமில் போடுவது, மாமிக்கு மற்றக் கையையும் முறிக்க ஏற்பாடு செய்வது போன்றது. கடையில் நனைந்த நிலைக்கான உராய்வு அளவைக் கேளுங்கள். வட அமெரிக்கத் தரத்தில், ஈரத்தில் நடக்கக்கூடிய உள்வீட்டுத் தளத்துக்கு அந்த எண் 0.42 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மாதிரித் துண்டு ஒன்றை வாங்கிவந்து, தண்ணீர் ஊற்றி, காலுறையோடு ஏறி நின்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஐந்து மாதிரிகள் குசினி நிலத்தில் ஒரு கிழமை கிடந்தன. மாமிதான் கடைசியில் தெரிந்தெடுத்தார். இடையில் பூசும் சாந்து கடும் சாம்பல் நிறமாக இருக்கட்டும், வெள்ளை ஒரு குளிர்காலம் தாங்காது.

ரைல்ஸுக்குக் கீழே மின்சூடேற்றும் பாய் போட்டோம். சொகுசு என்று முதலில் நான் எதிர்த்தேன். இப்போது நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். உருகிய தண்ணீர் தேங்கி நிற்காமல் காய்ந்துவிடுகிறது. சின்ன அறை என்பதால் மின்கட்டணமும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் இது ஈரமும் மின்சாரமும் சேரும் இடம். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு அவசியம். ஒன்ராறியோவில் இந்த வேலையை உரிமம் பெற்ற மின்ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துச் செய்விக்க வேண்டும். "தெரிந்த பெடியன் ஒருவன் மலிவாகச் செய்வான்" என்ற யோசனை இங்கே வேண்டாம்.

விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு ஒன்று பூட்ஸுக்குக் கட்டாயம். தோல் சப்பாத்தில் படியும் வெள்ளை உப்புக் கோட்டை, தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினாகிரி கலந்து துணியால் துடைத்தால் போகும். அதே கலவையை மாபிள் அல்லது சுண்ணக்கல் தரையில் ஊற்றாதீர்கள், அமிலம் கல்லை அரித்துவிடும்.

வாங்கும் கொழுக்கியும்

ஒருவருக்குச் சுவரில் 15 முதல் 18 அங்குலம் வேண்டும் என்பது தச்சு வேலைக்காரரின் வழக்கமான கணக்கு. ஆறு பேருக்கு அது குறைந்தது ஏழரை அடி. எங்களிடம் இருந்தது ஐந்தரை அடிச் சுவர். அதனால் இரண்டு வரிசை: பெரியவர்களுக்கு நிலத்திலிருந்து 65 அங்குலத்தில், பிள்ளைகளுக்கு 40 அங்குலத்தில். சின்னவன் தன் ஜக்கெட்டைத் தானே கொழுவத் தொடங்கியது இந்தக் கீழ் வரிசை வந்த அன்றுதான். அதுவரை "எத்தனை தரம் சொல்வது?" என்று கத்திக்கொண்டிருந்தோம். அவனுக்கு எட்டவில்லை என்பது எங்கள் மூளைக்கு எட்டவில்லை.

ஒருவருக்கு ஒரு ஜக்கெட் மட்டும் என்பது விதி. மற்றவை மேலே அலுமாரிக்குப் போக வேண்டும். இதைக் கடைப்பிடிக்காவிட்டால் எத்தனை கொழுக்கி அடித்தாலும் போதாது.

முதலில் வந்த வேலைக்காரர் கொழுக்கிகளை வெறும் டிரைவோலில் அடித்துவிட்டுப் போனார். அரை அங்குலத் தடிப்புள்ள சுண்ணப் பலகை, நனைந்த நாலு ஜக்கெட்டையும் புத்தகப் பைகளையும் எத்தனை நாள் தாங்கும்? மூன்றாம் கிழமை சுவரோடு பெயர்ந்து வந்தது. உள்ளே இருக்கும் மரச்சட்டங்கள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். அவற்றின் குறுக்கே ஒரு நீளப் பலகையைத் திருகாணியால் இறுக்கி, அந்தப் பலகையில் கொழுக்கிகளைப் பூட்டுவதுதான் முறை. நீங்களே செய்யலாம், கடினமில்லை.

வாங்கின் உயரம் 18 அங்குலம், ஆழம் 15 அல்லது 16. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் 19 வரை போகலாம். தாழ்வான வாங்கில் இருந்து பூட்ஸ் போடுவது சுலபம், எழும்புவதுதான் பாடு. வாங்குக்குப் பக்கத்தில் குளியலறையில் பூட்டுவதுபோல ஒரு கைப்பிடி வேண்டும், அதுவும் மரச்சட்டத்திலேயே இறுக்கியதாக. மாமி இந்த அறைக்காகக் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

வாங்கின் அடிப்பாகத்தைத் திறந்தே விடுங்கள். கதவு போட்டு மூடினால் பார்க்க நன்றாக இருக்கும், ஈரப் பூட்ஸ் உள்ளே கிடந்து நாறும். கட்டுவதற்கு பிளைவூட் நல்லது. மலிவான அமுக்கிய தூள்பலகை உப்புநீர் பட்டால் ஊறி வீங்கி, கடைசியில் பிட்டு மாபோல உதிரும். எந்தப் பலகையானாலும் நிலத்தைத் தொடாமல் கால்களில் நிற்கட்டும். இன்னொன்று: நிலத்தில் சூடான காற்று வரும் துவாரம் இருந்தால் அதன்மேல் வாங்கின் பெட்டியை ஏற்றி அடைக்காதீர்கள். அந்தத் துவாரத்துக்கு மேலே ஒரு கம்பித் தட்டை வைத்தால், கையுறைகள் விடிவதற்குள் காய்ந்துவிடும்.

கையுறை, தொப்பி, கழுத்துச் சால்வைக்கு ஆளுக்கொரு கம்பிக் கூடை. மிருதங்கத்துக்கும் சலங்கைப் பைக்கும் இந்த ஈர அறையில் இடம் கொடுக்க வேண்டாம்.

கறி மணம்

இதை எந்த வடிவமைப்புப் புத்தகமும் எங்களுக்காக எழுதாது. மீன் பொரிக்கும் நாளில் குசினிக்குத் திறந்திருக்கும் இடத்தில் குளிர் ஜக்கெட் தொங்கினால், அந்த மணத்தோடுதான் பிள்ளை பள்ளிக்கூடப் பேருந்தில் ஏறும். எங்கள் மகள் எட்டாம் வகுப்பில் ஒரு நாள் ஜக்கெட்டே போடாமல் மறை எட்டில் போனாள். காரணத்தை நாலு நாள் கழித்துத்தான் சொன்னாள். கேட்டுவிட்டு நான் ஒன்றும் பேசவில்லை.

எனவே மட்றூமுக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு கதவு இருக்க வேண்டும். திறந்து மூட இடமில்லாவிட்டால் சறுக்குக் கதவு போடலாம். கொஞ்சம் இடைவெளி விட்டாலும் பாதிப் பிரச்சினை தீரும். அடுப்புக்கு மேலுள்ள காற்றுறிஞ்சி உண்மையில் வீட்டுக்கு வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி உள்ளேயே திருப்பி ஊதுகிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் இரண்டாவது வகைதான் இருக்கிறது.

தனி அறைக்கே வழியில்லாத தொடர்மாடி வீடுகளிலும் நகர வீடுகளிலும் கதவருகே நாலடிச் சுவர் கிடைத்தால் போதும்: ஒரு பலகையில் கொழுக்கிகள், ஒடுங்கிய வாங்கு, கீழே ரப்பர் தட்டு. புதிய சுவர் எழுப்புவதானாலும், கால் கழுவத் தொட்டி வைத்துக் குழாய் இழுப்பதானாலும் முதலில் நகரசபையில் அனுமதி பற்றி விசாரியுங்கள்.

பிறந்தநாள், அந்தியேட்டி என்று ஐம்பது பேர் வரும் நாட்களுக்கு எந்த மட்றூமும் காணாது. நாங்கள் நாலு பழைய ரப்பர் தட்டுகளைப் பேஸ்மென்ற்றில் வைத்திருக்கிறோம். அன்றைக்கு முன்வாசலில் விரிப்போம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு கதிரையும் அங்கே போடுவோம்.

இப்போது மே மாதம். பூட்ஸ் எல்லாம் கழுவிப் பெட்டிக்குள் போய்விட்டன. கைப்பிடியில் பேத்தியின் ஸ்கிப்பிங் கயிறு தொங்குகிறது. மாமி ஒவ்வொரு நாளும் அதை எடுத்துக் கொழுக்கியில் மாட்டுகிறார். பின்னேரம் பார்த்தால் திரும்பவும் கைப்பிடியில்தான் கிடக்கிறது.