ஞமலி

நாயைக் குறிக்கும் பழஞ்சொல். பூழி நாட்டிலிருந்து வந்த திசைச்சொல் என்பார் நன்னூல் உரைகாரர். நற்றிணையில், வேட்டை வாய்த்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் கானவனைச் சுற்றி ஞமலிகள் துள்ளுகின்றன. புலவருக்கு இனித்த இச்சொல் பேச்சில் நிலைக்கவில்லை. காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லிலேயே 'நாய்' என்றுதான் இருக்கிறது. அந்தக் கல் நினைவுகூரும் வீரன், எருமைகளுக்காகப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தி. அவன் நாய் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. கல்லில் அதற்கும் பெயரும் உருவமும் உண்டு. எத்தனை வீரருக்குக் கிடைத்தது இது! இன்றைய வேட்டை நாய் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டையிலும் பற்றிலும் அந்த நாய்களைப் போலத்தான்: முயலைக் கண்டால் அம்பு, வளர்த்தவரிடம் குழைவு, அந்நியர் கை பட்டால் விலகல்.