வெள்ளைக்குளத்தில் ஒரு புதையல் வேட்டை

2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் தேதி, செயற்கைக்கோள் வழிகாட்டிக் குறிகளில் தான் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டில் ஒரு வாளியைப் புதைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அறிவித்தார். கண்டுபிடிப்பவர் அதிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, வேறொன்றை வைத்துவிட்டு வரவேண்டும். ‘ஜியோகேஷிங்’ என்ற விளையாட்டு இப்படித்தான் பிறந்தது.

பெங்களூரில் வளரும் என் பேரன் இதைச் சொன்னபோது, “சிரவணபெளகொளாவிலே ஆடலாம் வாடா” என்றேன். தொல்லியல் துறை காக்கும் இடங்களில் டப்பா எதையும் ஒளித்து வைப்பது தகாது. ஆகவே இடங்களின் எண்களை மட்டும் செல்பேசியில் குறித்துக் கொடுத்தேன். அங்கே நின்று பார்த்து, விடையை நோட்டில் எழுத வேண்டும்.

முதல் கேள்வி: ஊருக்குப் பெயர் கொடுத்தது எது? சந்திரகிரி, விந்தியகிரி என்ற இரு குன்றுகளுக்கு நடுவே குளம் இருக்கிறது. பள்ளியில் கன்னடம் படிப்பவனாதலால், “பிளி கொள, வெள்ளைக்குளம்” என்று உடனே சொல்லிவிட்டான். கன்னடக் ‘கொள’வும் நம் ‘குள’மும் ஒரே வேரில் பிறந்தவை. சிரவண என்பது சமணத் துறவியைக் குறிக்கும்.

இரண்டாவது இடம் பண்டாரி பசதி. போசள மன்னன் முதலாம் நரசிம்மனின் பண்டார அதிகாரி ஹுள்ளன் 1159இல் கட்டியது. ‘அரசர் யார் கையைப் பிடித்து யார் கையில் வைத்தார்?’ என்பது கேள்வி. விடை அங்குள்ள 1368ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. அச்சான பதிப்பை முன்பே படித்திருந்தபடியால் பொருள் சொன்னேன். வைணவர்கள் தமக்கு அநீதி செய்வதாகச் சமணர்கள் விஜயநகர மன்னர் புக்கரிடம் முறையிட்டார்கள். திருவரங்கம், திருமலை, காஞ்சி, மேல்கோட்டை வைணவப் பெரியோர்களைக் கூட்டிவைத்து, சமணர் கையை வைணவர் கையில் வைத்து, இரு தரிசனங்களுக்கும் பேதமில்லை என்றார் மன்னர்.

வியாபாரியாகிய எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. சமணர்கள் வீட்டுக்கு வீடு ஆண்டுக்கு ஒரு பணம் தரவேண்டும். திருமலைத் தாதய்யா அதை வசூலிக்க வேண்டும். பெளகொளத் தேவருக்கு இருபது காவலர்களை வைக்க வேண்டும். மீதியில் பழுதான பசதிகளுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வெறும் சமாதானப் பேச்சோடு விடாமல், வரவும் செலவும் பொறுப்பாளியும் சொல்லிவிட்ட ஏற்பாடு அது.

மூன்றாவது, விந்தியகிரி உச்சி. அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள், வெறுங்காலோடு ஏறவேண்டும். கங்க மன்னன் ராசமல்லனின் அமைச்சர் சாமுண்டராயர் சுமார் 981இல் எழுப்பிய, ஏறத்தாழ 58 அடி உயரமுள்ள ஒற்றைக்கல் கோமடேசுவரர் அங்கே நிற்கிறார். கேள்வி: திருவடியருகே அவர் பெயரைச் சொல்லும் மொழிகள் எத்தனை?

கன்னடம், மராத்தி என்று இரண்டை எழுதிவிட்டு நின்றான். மூன்றாவது தமிழ், கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து பொறித்தது. “இது நம்ம தமிழ்டா” என்றேன். “தாத்தா, இப்ப இருக்கிற தமிழையே எனக்குப் படிக்கத் தெரியாதே” என்றான்.

செயற்கைக்கோள் சில அடி தூரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும், படித்துக் காட்டாது. நானே வட்டெழுத்தை நாற்பது வயதுக்குமேல், கடை சாத்தியபின் உட்கார்ந்து கற்றவன். அவனுக்கு அகரத்தையாவது சொல்லித் தந்திருக்கலாம்; பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போட்டது என் குற்றம்.

அந்த வரியை இன்றைய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சாமுண்டராசன் செய்வித்தான் என்பதுதான் செய்தி. ‘செய்தான்’ அல்ல, ‘செய்வித்தான்’. மூன்று மொழியிலும் பிறவினையே நிற்கிறது. “அப்போ செய்தவர் பேர் எங்கே?” என்று கேட்டான். அந்த வரிகளில் உளி பிடித்தவர் பெயர் இல்லை.

அங்கேயே பாறையில் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாக நோட்டில் பார்த்து எழுதினான். ‘ழ’ மட்டும் இதில் இல்லையே என்று குறைபட்டுக்கொண்டான். இப்போது ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் எழுதுகிறான். கடந்த மகாமஸ்தகாபிஷேகம் 2018இல் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அடுத்ததற்குப் பிள்ளைகளோடு போக நினைக்கும் அன்பர்கள், அதற்குள் அந்த ஒரு வரியைப் படிக்கும் அளவுக்காவது அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள்.