கோனஸ் ஜியோகிராஃபஸ்

இந்து, பசிபிக் சமுத்திரங்களின் உஷ்ணப் பிரதேசங்களில், பவளப் பாறைகளை அடுத்த ஆழமற்ற நீரில் வசிக்கும் கூம்பு நத்தைகளுள், மனிதனுக்கு மிகுந்த அபாயம் விளைவிப்பது கோனஸ் ஜியோகிராஃபஸ் என்னும் இந்த ஜாதியே. 1758-இல் ஸ்வீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். வெளிறிய ஓட்டின்மேல் பழுப்பு நிறம் திட்டுத்திட்டாகவும் வலைப்பின்னலாகவும் படர்ந்து, பூகோளப் படம்போலத் தோற்றுவதை அப்பெயர் குறிக்கிறது. ஓடு சுமார் 15 சென்டிமீட்டர் வரை வளரும். இவ்வினத்தைச் சேர்ந்த பிறவற்றின் ஓட்டைக் காட்டிலும் மெல்லியது, ஓட்டின் வாய் அகன்றது.

பகலில் பதுங்கி இரவில் இரை தேடும் இப்பிராணி மிக மந்தமாகவே ஊர்ந்து செல்வது. ஆயினும் இதன் ஆகாரமோ, இமைப்பொழுதில் மறைந்துவிடக்கூடிய சிறு மீன்கள். துரத்திப் பிடிக்க இயலாதாகையால், இரை தப்புமுன் அதன் அசைவை அடக்கியாக வேண்டும். இதன் விஷத்தின் கடுமைக்கு அந்தத் தேவையே மூலம் என்பர். பாறையிடுக்கில் ஒதுங்கிய மீன்களை அணுகியதும், நத்தை தன் வாயைப் புனல்போல விரித்து அவற்றைச் சூழ்ந்துகொள்கிறது. இதன் விஷத்தில், மீன்களின் இன்ஸுலினையே ஒத்த ஒரு பொருள் இருப்பதை 2015-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அது நீரில் கலந்தால் மீன்களின் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து அவை சோர்ந்துபோகும் என்பது அவர்கள் கருத்து. வாய்க்குள் அகப்பட்ட மீனை நத்தை பல்லினால் குத்துகிறது. அந்தப் பல் ஊசிபோல உள்ளே துளையும், ஈட்டிபோல நுனியில் கொக்கியும் உடையது; ஒருமுறை எய்தது மறுமுறைக்கு உதவாது, வேறு பற்கள் பையில் ஆயத்தமாக இருக்கும். ஜீரணித்தபின் செதில்களும் முட்களும் உபயோகித்த பற்களும் வெளியே உமிழப்படுகின்றன.

நரம்புகளின் செய்தி செல்லும் வழிகளை அடைக்கும் பல சிறு புரதங்களின் கலவையே இவ்விஷம். குத்துண்ட இடத்தில் வலி சொற்பமாகவே இருக்கலாம். பின்னர் மரமரப்பும், பார்வை மங்கலும், பேச்சுக் குழறலும் தோன்றி, இறுதியில் சுவாசத் தசைகள் செயலிழக்கின்றன. 1935-இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் ஓர் இளைஞர் இவ்வாறே மாண்டார். மாற்று மருந்து இல்லை. விஷம் தணியும்வரை செயற்கைச் சுவாசம் அளிப்பதே உயிர் காக்கும் உபாயம்.

எந்த வழியை அடைக்க வேண்டுமோ அதை மட்டுமே அடைக்கும் நுட்பத்தால், இவ்வினத்தின் விஷங்கள் வைத்திய சாஸ்திரத்துக்கும் பயன்பட்டன: உறவு ஜாதியான கோனஸ் மேகஸின் விஷத்தைப் பின்பற்றிச் செய்யப்பட்ட ஸிகோனோடைட் என்ற வலி மருந்து 2004-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

உயிருள்ள கூம்பு நத்தையை எப்பக்கம் பிடித்தாலும், பல்லை எய்யும் அதன் துதிக்கை கைவரை வளைந்து எட்டக்கூடும். ஆதலால் கடலில் இதன் அழகைக் காண்பவர், கண்ணால் கண்டு, கை தீண்டாமல் அகல்வதே விவேகம்.