நடக்க முடியாத பிள்ளைக்குப் பள்ளி எவ்வளவு தூரம்?

தென் தமிழகத்தில் பார்வையற்ற பிள்ளைக்கும் காது கேளாத பிள்ளைக்கும் படிப்பு உண்டு என்று காட்டிய ஊர் பாளையங்கோட்டை. 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அதே பத்தாண்டில் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாதோருக்குத் தொடங்கினார். திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைக்கோ அந்த ஊர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். 1875–76இல் போட்ட ரயில் பாதை இருந்ததால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஆறு ஏழு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரத்தில் விட எத்தனை தாய்மாருக்கு மனம் வந்திருக்கும்?

அந்தப் பள்ளிகள் செய்த தொண்டு பெரிது. ஆனாலும் கழுத்து நிற்காத, பேச்சு வராத, மூளை முடக்குவாதத்தால் கைகால் இறுகிப்போன பிள்ளைக்கு அந்த ரயில் பயணமும் கிடையாது. அதற்கு வீட்டுத் திண்ணைதான்.

1954இல் முதல்வரான காமராசர் ஊர்தோறும் பள்ளி திறந்தார். 1956இல் மதிய உணவும் வந்தது. ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்தது அந்தச் சோறு. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றின் மிகப் பெரிய பாய்ச்சல் அதுதான். ஆனால் பள்ளியை எங்கே வைப்பது என்ற கணக்கு, பிள்ளை நடந்து வரும் தூரத்தை வைத்துப் போட்டது. நடக்காத பிள்ளை அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

குறைபாடுள்ள பிள்ளைகளும் பொதுப் பள்ளியில் படிக்கலாம் என்று கோத்தாரி கல்விக் குழு 1966இல் சொன்னது. 1974இல் மத்திய அரசு அதற்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது. 1985 செப்டம்பர் 15இல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டம் ஆயிற்று. அடுத்த ஆண்டே புதிய தேசியக் கல்விக் கொள்கை ஒரு கோடு கிழித்தது: குறைபாடு லேசாக இருந்தால் மற்றவர்களோடு படிக்கலாம், கடுமையாக இருந்தால், இயன்றவரை மாவட்டத் தலைநகரில் விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளி. பாளையங்கோட்டை என்ற இடத்தில் திண்டுக்கல் என்று எழுதியதுபோல்தான் இதுவும். தூரம் குறைந்தது, பிள்ளை வீட்டை விட்டுப் பிரிவது மாறவில்லை.

அந்தக் கோட்டினை அழிக்க முயன்றது 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம். குறைபாடு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்றது அதன் விதி. திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களுக்கும் வட்டார வள மையங்கள் உண்டு. சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் அங்கிருந்துதான் கிளம்பிப் போகிறார்கள். மருத்துவ முகாம், சக்கர நாற்காலி, போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவருக்கான படி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

மாவட்டத்தின் சமவெளி ஊர்களின் அன்றாடத்தில் இதற்கெல்லாம் என்ன பொருள்? நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கவோ வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்கோ போகும் தாய்க்கு, பிள்ளை ஐந்து வயதில் இடுப்புச் சுமை. பத்து வயதில் தூக்க முடிவதில்லை. சாய்தளம் கட்டிய பள்ளியிலும் கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையாவிட்டால், மதியத்துக்குள் யாராவது வந்து அழைத்துப் போக வேண்டும். துணைக்கு வருபவருக்குப் படி உண்டுதான். ஆனால் துணைக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும் பிள்ளை வகுப்புக்கு வராமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். பெற்றோரின் அக்கறைக் குறைவு என்று இதைச் சொல்வது அநியாயம்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2012இல் அதில் செய்த திருத்தம், கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையையும் தந்தது. படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்கு இது வரம். சிறப்பாசிரியர் வீடு தேடி வருவார். கரண்டி பிடிக்கவும், நிறம் பிரித்தறியவும், தேவையைச் சைகையால் சொல்லவும் பழக்குவார். ஆனால் கூடப் படிக்கும் பிள்ளைகளின் சத்தமும் சண்டையும் சிநேகமும் அந்த வீட்டுக்குள் வருவதில்லை. பள்ளியில் இடம் செய்துதரத் தயங்கும் நிர்வாகத்துக்கு இந்த உரிமையே நல்ல சாக்காகிவிடும் என்ற அச்சம் நியாயமானது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 7இலிருந்து 21 ஆக விரித்தது. 6 முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்றது. அந்தத் தேர்வு குடும்பத்தின் கையில் வந்தது பெரிய மாற்றம்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தபின்னும் முடிச்சு ஆசிரியரிடம் இருக்கிறது. சிறப்புக் கவனம் தேவைப்படும் மாணவர்களில், தொடக்கப் பள்ளியில் 10 பேருக்கும் மேல்வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்களை நிரந்தரமாக நியமிக்க வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் அந்தச் சிறப்பாசிரியர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில்தான் பணி செய்து வந்திருக்கிறார்கள், ஒரே வாரத்தில் பல பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டு.